சோறு விற்றவர்கள்: நாகப்பட்டினத்திலிருந்து சிராங்கூன் சாலைக்கு

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் நடத்திய சாப்பாட்டுக் கடைகளில் உலகத்துக்கு அதிகம் தெரிந்தது தஞ்சாவூரில் இல்லை, கும்பகோணத்திலும் இல்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில், 76ஆம் எண்ணில் இருக்கிறது. பெயர் கோமள விலாஸ். 2015 நவம்பரில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங், விருந்தாளியாக வந்திருந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோதியை அழைத்துக்கொண்டு சாப்பிடப் போன கடை இதுதான். இதை 1947இல் தன்னுடையதாக்கிக்கொண்டவர் முருகையா ராஜு. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, 1930களில் சிறு வயதிலேயே அக்கரைச் சீமைக்குப் போய், சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். வேலை பார்த்த இடத்துக்கே பிறகு முதலாளி ஆனவர்.

தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று பள்ளிப் பாடத்திலேயே படிக்கும் ஊர் தஞ்சை. அங்கே பிறந்த ஒருவர் சோறு விற்க ஏன் கடல் தாண்ட வேண்டியிருந்தது? வறுமை, பஞ்சம், பிழைப்பு என்று சொல்லிவிடலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் தஞ்சையில் சோற்றுக்கு இருந்த தனிக் கணக்கு ஒன்று விடுபட்டுப் போகும்.

காவிரிக் கரையில் சோறு நெடுங்காலம் விற்கிற பொருளாக இருக்கவில்லை. போடுகிற பொருளாக இருந்தது. சமைத்த அன்னத்தைக் காசுக்குக் கொடுப்பதை ‘அன்ன விக்கிரயம்’ என்று சொல்லிப் பாவக் கணக்கில் எழுதினார்கள். வழிப்போக்கர் பசிக்குச் சத்திரம் இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகிற பாதையெங்கும் சத்திரங்களைக் கட்டினார்கள்; அவற்றில் பல அரண்மனைப் பெண்களின் பெயரைத் தாங்கியவை. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம். நிலங்களை எழுதிவைத்து, அந்த நெல்லில் உலை ஏற்றினார்கள்.

இந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்று இரண்டாம் சரபோஜியே எழுதியிருக்கிறார். 1801இல், ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அனுப்பிய கடிதம் அது. பிராமணர் தொடங்கிப் பறையர் ஈறாக, வருகிறவர் யாராக இருந்தாலும் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிட ஆசாரம் இடம் கொடுக்காதவருக்கு அரிசியும் மளிகையும் அளந்து தரப்படும். நடுநிசியில் மணி அடிப்பார்கள். அதுவரை சாப்பிடாதவர் இருந்தால் எழுந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு வைத்தியர், கைக்குழந்தைக்குப் பால், பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் அங்கே இருந்தன. கம்பெனிக்காரர்கள் சத்திர மானியத்தில் கைவைத்துவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதிய கடிதம் என்பதால் பெருமையைச் சற்றுக் கூட்டியே சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தாலும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இப்படி ஒரு மகசர் கொடுத்த ராஜாக்கள் எத்தனை பேர்?

ஆனால் அந்தக் கடிதத்திலேயே தஞ்சையின் மறுபக்கமும் இருக்கிறது. எல்லாருக்கும் சோறு உண்டு. எல்லாருக்கும் ஒரே சோறு இல்லை. யாருக்குச் சமைத்தது, யாருக்குப் பச்சரிசி என்பதை வருகிறவரின் பிறப்பு தீர்மானித்தது. சாப்பிட வருகிறவனை ‘நீ யார்’ என்று கேட்காமல் இலை போடுகிற வழக்கம் டெல்டாவில் இல்லை.

அந்த வழக்கத்தை முதலில் கலைத்தது ரயில். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை போட்ட பாதை 1861இல் திறக்கப்பட்டது. அடுத்த வருஷம் அது திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் காலேஜுக்கும் வீட்டுச் சாப்பாடு இல்லாத ஆண்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். சத்திரத்தில் மூன்று நாள் தங்கலாம்; மூன்று வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறவன் என்ன செய்வான்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காபி வந்து சேர்ந்தபோது, அதைக் குடிக்க ஓர் இடமும் தேவைப்பட்டது. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் மாயவரத்திலும் காபி கிளப்புகள் முளைத்தன. கிளப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை: முன்கட்டில் நாலு பலகை, பின்கட்டில் அடுப்பு, கல்லாவில் ஓர் ஐயர். அன்ன விக்கிரயம் பற்றி முணுமுணுத்த பெரியவர்கள், காபி அன்னம் ஆகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். இட்லியும் தோசையும் பலகாரம் என்ற பெயரில் அதே வழியில் நுழைந்தன. சாப்பாடு கடைசியாக வந்தது.

விலை வந்த பிறகும் வரிசை போகவில்லை. உள்ளறை பிராமணர்களுக்கு, முன்னறை மற்றவர்களுக்கு. தலித்துகளுக்கு வாசற்படியோடு சரி. பல இடங்களில் அதுவும் கிடையாது. சர்க்காரும் ரயில்வே கம்பெனிகளுமே இதற்குத் துணைபோயின. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்ற பலகைகள் 1941 வரை தொங்கின. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன், காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன், எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பலகை சொன்னது. பெரியார் இதை எதிர்த்துப் பேசாத வருஷம் கிடையாது. ஓட்டல் பெயர்ப் பலகையில் அந்தச் சொல் இருப்பதற்கு எதிராகச் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் மறியல் தொடங்கியது 1957இல். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

சமையற்கட்டுக்கும் இதே சட்டம்தான். சைவ ஓட்டலில் கரண்டி பிடிக்கவும் பரிமாறவும் பிறப்புச் சான்று கேட்டார்கள். உழவர் வீட்டுப் பையன் நெல்லை விளைவித்தான், அறுத்தான், வண்டியில் ஏற்றினான். அதே நெல் அரிசியாகி, சோறாகி, இலையில் விழுகிற இடத்தில் அவனுக்கு வேலை கிடைப்பது அரிது. அவன் முதலாளியாவது அதைவிட அரிது.

ரயில் பாதையின் மறுமுனையில் இருந்தது நாகப்பட்டினம்.

இந்த ஊரையும் கீழ்த்திசைக் கடல் நாடுகளையும் தஞ்சை நெல் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இணைத்திருந்தது. ராஜராஜ சோழனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, ஸ்ரீவிஜய மன்னர் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானம் எழுதிவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 8943 கலத்துக்குச் சற்றே கூடுதலான நெல் என்று லெய்டன் செப்பேடுகள் கணக்குச் சொல்கின்றன. கடல் கடந்து வந்த பௌத்தர்கள் ஆனைமங்கலத்து அரிசியைச் சாப்பிட்டார்கள். பிறகு போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி இந்தத் துறையை வைத்துக்கொண்டார்கள். நாகூர், நாகை மரக்காயர்களுக்கு யார் கொடி பறந்தாலும் பினாங்கும் மலாக்காவும் அக்கம்பக்கத்துத் தெருக்கள். அங்கிருந்து திரும்புகிறவரைச் சபுராளி என்று அழைத்தார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா எழுப்பியவர்கள் இவர்களே. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் இருப்பது 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது.

பிறகு ரப்பர் வந்தது, கங்காணி வந்தான். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கிற வேலைக்கு 1907இல் குடியேற்ற நிதி ஒன்று உண்டாயிற்று. நாகைக்குப் பக்கத்தில் பாப்பாக்கோவிலில் முகாம் போட்டு, ஆட்களைச் சேர்த்து, மருத்துவப் பரிசோதனை செய்து, கப்பலுக்கு அனுப்பினார்கள். நாகையில் கப்பல் கரையோடு அணைகிற வசதி கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும்; தோணியில் போய் ஏணி பிடித்து ஏற வேண்டும். ஊரைப் பார்த்து அழுதுகொண்டே ஏறியவர்களும் உண்டு, ஊரை விட்டால் போதும் என்று ஏறியவர்களும் உண்டு. போய்ச் சேர்ந்ததும் கொரண்டீன்: பினாங்குக்காரர்களுக்கு ஜெரஜாக் தீவு, சிங்கப்பூர்க்காரர்களுக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு.

சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல்களில் இரண்டு ஒன்றாகப் பிறந்தவை. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு 1926இல் கட்டப்பட்ட ரஜூலாவும் ரோணாவும். ரோணாவின் முடிவு நாகைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. யுத்தத்தில் துருப்புக் கப்பலாக்கப்பட்டு, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாவுக்கு அப்பால் ஜெர்மானிய விமானம் ஏவிய குண்டில் மூழ்கியது. 1,000க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். தஞ்சை உழவர்களையும் செட்டிகளையும் சபுராளிகளையும் சுமந்த தளத்தில் கடைசியாகச் சாய்ந்தவர்கள் அவர்கள். ரஜூலாவுக்கு ஆயுசு கெட்டி. அது 1970கள் வரை ஓடியது.

முருகையா ராஜு கடல் தாண்டிய 1930கள் டெல்டாவுக்குக் கெட்ட காலம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வேலியும் மாவுமாக நிலம் வைத்திருந்த மிராசுதாரே கடனில் தவித்தார் என்றால் குத்தகைக்காரனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறந்து தண்ணீருக்கு ஒழுங்கு வந்தது, விலைக்கு வரவில்லை. அந்தப் பக்கம் மலாயாவும் நலமாக இல்லை. ரப்பர் விழுந்து, லட்சத்துக்கு மேற்பட்ட கூலிகள் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் கங்காணி வழி ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. அப்போதும் கப்பல் காலியாகப் போகவில்லை. தோட்டத்துக்குப் போகாமல் நகரத்துக்குப் போகிற ஆட்கள் இருந்தார்கள். மாமன் கடை, சித்தப்பன் கடை, ஊர்க்காரர் கடை என்று முகவரி வைத்திருந்தவர்கள். ரப்பர் மரத்துக்குப் பதிலாகக் கல்லாவுக்கும் அடுப்புக்கும் போனவர்கள்.

சிங்கப்பூரில் அவர்களுக்காகக் காத்திருந்த தெரு சிராங்கூன் சாலை. மாட்டுத் தொழுவங்களும் எருமைச் சந்தையுமாக இருந்த இடம். அங்கே இருக்கும் தேக்கா சந்தையின் பழைய மலாய்ப் பெயரே கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். துறைமுகத்திலும் நகராட்சியிலும் ரயிலிலும் வேலை பார்த்த தமிழர்கள் அங்கே கூடினார்கள். பெரும்பாலும் தனிக்கட்டைகள், பெண்டாட்டி பிள்ளை ஊரில். ஓர் அறையில் பத்துப் பேர் படுக்கிற இடத்தில் சமைப்பது எங்கே? மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான். சாப்பாட்டுக் கடைக்கு இதைவிட நல்ல வாடிக்கை எந்த ஊரில் கிடைக்கும்! அந்நகரின் மிகப் பழைய சைவ உணவகமாகச் சொல்லப்படும் ஆனந்த பவன் தொடங்கியது 1924இல். அதே வருஷம் திருவாரூரிலிருந்து வந்து இறங்கிய கோ. சாரங்கபாணி கணக்கராகத் தொடங்கி, 1935இல் ஒரு காசு விலையில் ‘தமிழ் முரசு’ நடத்த ஆரம்பித்தார். டெல்டாக்காரர்கள் அங்கே சோறும் போட்டார்கள், பேப்பரும் போட்டார்கள்.

இந்தக் கடைகளில் ஒரு பையன் கற்றுக்கொள்வது எச்சில் இலை எடுப்பதில் தொடங்கும். பிறகு மேசை துடைப்பது, தண்ணீர் வைப்பது, வாளி தூக்கிச் சாம்பார் ஊற்றுவது, கடைசியில் சப்ளையர். பின்கட்டில் மாவாட்டுவது தனி உலகம். கோயம்புத்தூர் சபாபதி மின்சாரக் கிரைண்டரைக் கொண்டுவந்தது 1955இல்தான். அதற்கு முன் நூற்றுக்கணக்கான இட்லிக்கும் ஒரு கல், ஒரு குழவி, இரண்டு கை. முன்கட்டும் பின்கட்டும் தெரிந்து, பற்று நோட்டில் யார் மாதக் கடைசியில் பணம் கட்டுவான், யார் அறையை மாற்றிக்கொண்டு ஓடுவான் என்பதும் பழகிய ஆளுக்குக் கடை நடத்துகிற படிப்பு முடிந்துவிடும். ராஜுவும் முதலாளி ஆவதற்கு முன்பு ஒரு கடைத் தொழிலாளி.

பிறகு யுத்தம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஊருக்குக் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, பணம் அனுப்ப வழி இல்லை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகியது. மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று. வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்தது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பிய பிறகும் அரிசி திரும்பவில்லை. 1946இல் சர்க்காரே ‘மக்கள் உணவகங்கள்’ திறந்து 35 காசுக்கு மதியச் சாப்பாடு போட்டது. அரிசிக்கு ரேஷன், கள்ளச் சந்தை, பதுக்கல்.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் சாப்பாட்டுக் கடை வாங்குகிறார் என்றால் துணிச்சல்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். 1947இல் ராஜு வாங்கினார். கடைக்கு வைத்த பெயரில் தன் பெயர் இல்லை, சாமி பெயரும் இல்லை. கோமளா என்பது அவருடைய பழைய முதலாளியின் மனைவி பெயர் என்பார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழியைப் பெயர்ப் பலகையிலேயே எழுதிவிட்டார்.

இலைச் சாப்பாடு, தோசை, இட்லி, காபி. டெல்டாவின் எந்தக் காபி கிளப்பிலும் இருக்கிற பட்டியல்தான். கடையில் உட்கார்ந்தவர்கள்தான் வேறு. செட்டிநாட்டு வட்டிக்கடை ஆளும், துறைமுகக் கூலியும், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளியும், வேட்டி கட்டிய கணக்குப் பிள்ளையும், விரதக்காரச் சீனரும் வந்து காசு வைத்துவிட்டு உட்காரக்கூடிய தெரு அது. சாதி கடலில் கரைந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தமிழர்கள் சாதியை மூட்டையோடு கட்டிக்கொண்டே போனார்கள். அதை எதிர்க்கத்தான் சாரங்கபாணி முதலானோர் தமிழர் சீர்திருத்தச் சங்கம் வைத்து வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். இருந்தாலும் தஞ்சாவூர்ப் பலகை அங்கே தொங்கவில்லை. பல இனத்துக் கூலிகள் கலந்து புழங்கும் துறைமுகத்தில் வாடிக்கையைப் பிறப்புப் பார்த்துப் பிரித்தால் கல்லா நிறையாது. அடுப்படியில் நிற்க ஆள் வேண்டும் என்றால், வந்த ஆளுக்கு வேலை தெரியுமா என்று கேட்டால் போதும். ராஜு போன்றவர்களின் உழைப்பும் சாமர்த்தியமும் பெரியவை, சந்தேகமில்லை. அதே உழைப்பைப் போட்ட எத்தனையோ பேர் தஞ்சாவூர்ப் பின்கட்டுகளில் மாவாட்டியே ஓய்ந்துபோனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கிடைக்காதது ஒரு துறைமுகம்.

1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்து, நினைத்தவர் நினைத்தபடி இறங்கும் காலத்தை முடித்துவைத்தது. அதற்குள் வந்து சேர்ந்தவர்கள் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டு ஊன்றிவிட்டார்கள். தனிக்கட்டைகள் குறைய, கோமள விலாஸ் குடும்பத்தோடு வருகிற கடையாயிற்று. பிறகு சுற்றுலாப் பயணிகள் தேடி வருகிற கடையாயிற்று. 1990களில் ‘கோமளாஸ்’ என்ற பெயரில் துரித உணவுக் கடைகளும் கிளம்பின. மெக்டொனால்ட்ஸ் பாணியில் கவுண்ட்டரில் நின்று தட்டில் தோசை வாங்குகிற ஏற்பாடு. பெரியவர்கள் முகம் சுளித்தார்களோ என்னவோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கும்.

நாகப்பட்டினத்தின் கதை இதற்கு நேர் எதிராகப் போனது. தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை 1920களின் கடைசியில் திருச்சி பொன்மலைக்கு மாறியபோதே ஊர் பாதி களையிழந்தது. ரஜூலா 1970களின் முதற்பாதியில் ஓய்வுபெற்று உடைக்கப்பட்டது. பதிலுக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்துடன் தமிழ்நாட்டுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்குமான பயணிகள் கப்பல் முடிந்தது. இன்று நாகையிலிருந்து கப்பலேற வேண்டுமானால் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகலாம். 2023 அக்டோபரில் அந்தச் சேவை தொடங்கி, நின்று, மறுபடி நடக்கிறது.

இத்தனை பேர் போய் வந்த தொழிலுக்கு டெல்டாவில் ஆவணம் என்று ஒன்று கிடையாது. மன்னர்கள் சோறு போட்ட கணக்கு, மோடி என்ற மராட்டிய எழுத்தில் எழுதிய ஆவணங்களாகத் தஞ்சையில் இருக்கிறது. சாதாரண ஆட்கள் சோறு விற்ற கணக்கு எங்கும் இல்லை. சிங்கப்பூர் அரசு 1979இல் வாய்மொழி வரலாற்று மையம் ஒன்றைத் தொடங்கி, கடைக்காரர்கள், தொழிலாளிகள் பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. நம் பக்கத்தில் மன்னார்குடி, திருவாரூர், நாகை, வேதாரண்யம் வட்டாரத்து வீடுகளின் பரணில்தான் மிச்சம் இருக்கிறது: ரஜூலா டிக்கெட்டின் அடித்துண்டு, கொரண்டீன் சீட்டு, பற்று நோட்டு, அக்கரையிலிருந்து வந்த மணியார்டர் ரசீது. உங்கள் வீட்டில் தாத்தா ‘சிங்கப்பூர்க் கிளப்பில்’ இருந்தார் என்று யாராவது சொன்னால், அந்த டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எதற்கும் முதலில், அந்தக் கடையில் வேலை பார்த்த பெரியவர் உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, கைபேசியில் பதிவு செய்துவிடுங்கள்.